ஆளை அளக்க எந்தப் படி?

போன வருடம் ஆனி மாதம் எங்கள் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனார். பதினாறு வருடம் இருந்தவர், மகனோடு கோயம்புத்தூரில் இருக்கப் போகிறேன் என்றார், மாலை போட்டு அனுப்பி வைத்தோம். அவர் இடத்துக்கு எடுத்த ஆளில்தான் வந்தது வினை. ஏழு வருட அனுபவம், நல்ல வாட்டசாட்டம், கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்கென்று பதில். டீ குடித்துக்கொண்டே முக்கால் மணி நேரம் பேசிவிட்டு 'நாளைக்கே வந்துருங்க' என்று சொல்லிவிட்டோம். ஒன்பது வாரத்தில் மூன்று லோடு எண்ணிக்கை குறைந்து போனது. மூன்றாவது லோடு போன இடம், அப்பா காலத்திலிருந்து எங்களிடம் பெட்டி வாங்கும் விருதுநகர் எண்ணெய்க் கம்பெனி. அந்த அண்ணாச்சி திட்டவில்லை. 'என்னம்மா, அப்பா இருந்தப்ப இப்படி வராதே' என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

மதுரையை ஒட்டிய கப்பலூர் பக்கம் அட்டைப்பெட்டி செய்கிற சின்ன யூனிட் எங்களுடையது. மொத்தம் 34 பேர், அதில் 8 பேர் ஆபீஸ், மீதி எல்லாம் மெஷின், பசை, ஸ்டிச்சிங், லோடு. லோடு குறைந்த அதே சமயத்தில் ஆபீசுக்குள் இன்னொரு கூத்து. பில்லிங் பார்க்கிற அம்மாவும் புரொடக்ஷன் இன்சார்ஜும் பேச்சை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. சைஸ் என்ன, எத்தனை பீஸ் என்று துண்டுச் சீட்டில் எழுதி டீ கொண்டுவருகிற பையன் கையில் கொடுத்து விடுகிறார்கள், அவன் பன்னிரண்டு அடி தூரத்துக்குத் தபால்காரனாக நடக்கிறான்.

ஆக எனக்கு இரண்டு கேள்விகள். புதிதாக யாரை எடுப்பது? இருக்கிறவர்களை எப்படிப் புரிந்துகொள்வது? இந்த இரண்டும் ஒரே கேள்வி என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆளைப் படிக்க ஒரு நல்ல முறை கிடைத்தால் இரண்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று. அது தப்பு என்று தெரிய நாலு மாதமும் கொஞ்சம் பணமும் செலவானது. அதே யோசனையில் சின்ன தொழில் நடத்துகிறவர்கள், பள்ளிக்கூடம், கிளினிக், கடை என்று யாராவது இருப்பீர்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வழி, நம்மூர் வழி. என் சித்தப்பா எனக்குப் பார்ட்னர். ஆளைப் பரீட்சை வைத்துப் பார்ப்பது என்ற பேச்சு வந்ததுமே சிரித்தார். 'ஏத்தா, ஆளு கேட்டுக்குள்ள நடந்து வர்றதப் பாத்தாலே தெரியாதா? இதுக்குப் போயி பேப்பர் பேனாவா?' அவர் கேட்கிற முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது யாரு மகன். அதற்கப்புறம் அந்த ஊரில் தெரிந்தவருக்கு ஒரு போன். நாற்பது வருடம் இப்படித்தான் ஆள் எடுத்திருக்கிறார், அதில் பாதிக்கு மேல் நல்லாவே அமைந்திருக்கிறது. தெரிந்தவர் சொல்லி வந்த பையன் சம்பளம் வாங்கிய மறுநாள் காணாமல் போகமாட்டான், சொல்லிவிட்டவர் முகத்தில் முழிக்க வேண்டுமே. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் எந்த ஊர் என்ற கேள்வி ஊரோடு நிற்பதில்லை. எந்தத் தெரு, யார் வீட்டுப் பக்கம் என்று இறங்கிப் போகும்போது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும், என்ன கேட்கப்படுகிறது என்று. அப்படி எடுத்து எடுத்து எங்கள் மெஷின் தளத்தில் 26 பேரில் 11 பேர் இரண்டே ஊர்க்காரர்கள். ஒரு காதுகுத்து என்றால் ஸ்டிச்சிங் மெஷின் மொத்தமும் நிற்கும். அதோடு, மூன்று லோடைக் குறைத்து அனுப்பியவரையும் நானும் சித்தப்பாவும் இதே கண்ணால் பார்த்துத்தான் எடுத்தோம்.

இந்தக் கண் எவ்வளவு சரியாகப் பார்க்கும் என்று அளந்திருக்கிறார்கள். ஆள் எடுக்கிற முறைகள் ஒவ்வொன்றும், பிறகு அந்த ஆள் எப்படி வேலை செய்தார் என்பதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை ஒரு எண்ணாகச் சொல்வார்கள். 0 என்றால் சீட்டுக் குலுக்கிப் போட்டதற்குச் சமம், 1 என்றால் ஜோசியர்கூடக் கேட்காத துல்லியம். பால் சாக்கெட் என்கிற அமெரிக்கப் பேராசிரியரும் கூட்டாளிகளும் பழைய ஆய்வுகளையெல்லாம் திரும்பக் கணக்குப் போட்டு 2022-ல் வெளியிட்டதில், வாய்க்கு வந்ததைக் கேட்டுப் பேசி எடுக்கிற நேர்காணலுக்கு 0.19. எத்தனை வருட அனுபவம் என்பதற்கு 0.1 கூட இல்லை. இதைப் படித்த அன்று எங்கள் வேலைவாய்ப்பு விளம்பரத்தை எடுத்துப் பார்த்தேன். '5 வருட அனுபவம் அவசியம்' என்பதைத்தான் தடித்த எழுத்தில் போட்டிருந்தோம். சித்தப்பாவுக்குக் கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் பழக்கமும் உண்டு. அதற்கு 1998-ல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பு கொடுத்த எண் 0.02. இதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இரண்டாவது வழி, நிறம். தொழில் முனைவோர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தபோது ஒரு பயிற்சியாளர் வந்து இரண்டு மணி நேரம் பேசினார். மனிதர்கள் நான்கு வகை, சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். சிவப்பு முடிவெடுக்கும், மஞ்சள் கலகலக்கும், பச்சை பொறுத்துப் போகும், நீலம் கணக்குப் பார்க்கும். நான்கு நான்கு சொற்களாகக் கொடுத்து, உங்களுக்கு அதிகம் பொருந்துவது எது, கொஞ்சமும் பொருந்தாதது எது என்று டிக் அடிக்கச் சொன்னார். எனக்குச் சிவப்பு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஜிவ்வென்று இருந்தது. 'வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில முடிவுகளை நினைத்துக் கவலைப்படுவீர்கள்' என்ற வரியைப் படித்துவிட்டு, இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பச்சை. அவருடைய தாளிலும் கிட்டத்தட்ட அதே வரி.

இந்த வித்தை ரொம்பப் பழசு. பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் 1948-ல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்து, ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு குண விவரம் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு சரி என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னதில் சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் சொன்னார், எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள், வரிகளைக் கடையில் விற்கிற ஜாதகப் புத்தகத்திலிருந்து எடுத்தேன் என்று. புதுமண்டபத்துப் பக்கம் கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருப்பவர் 'உங்களுக்கு நல்ல மனசு, ஆனா நாலு பேருக்குத் தெரியல' என்கிறாரே, அதே சரக்குத்தான்.

டிஸ்க் என்ற பெயரில் விற்கப்படும் இந்த நால்வகைப் பிரிவுக்கு வேர் வில்லியம் மார்ஸ்டன் என்பவர் 1928-ல் எழுதிய கோட்பாடு. ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்ந்தவரும் இவர்தான், பின்னாளில் வொண்டர் உமன் என்ற சித்திரக்கதை நாயகியை உருவாக்கியவரும் இவர்தான். சுவாரசியமான மனுஷன். ஆனால் அவர் பரீட்சை எதையும் செய்து விற்கவில்லை. அதெல்லாம் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் வேலை.

நிற முறையில் எனக்குப் பெரிய உறுத்தல் வேறு. ஒருவருக்குள்ளேயே எது அதிகம், எது குறைவு என்று வரிசைப்படுத்துகிற பரீட்சை இது. நான் இட்லியைவிடப் பரோட்டா பிடிக்கும் என்கிறேன், நீங்களும் அதையே சொல்கிறீர்கள். நம் இருவரில் யார் அதிகம் பரோட்டா சாப்பிடுவார் என்று இதிலிருந்து சொல்ல முடியுமா? முடியாது. அப்படியிருக்க இரண்டு ஆட்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இவர் அதிக நீலம், இவரை எடுக்கலாம் என்று எப்படிச் சொல்வது? பயிற்சியாளரிடம் கேட்டேன். 'நீங்க சிவப்பு மேடம், அதான் இப்படிக் கேக்குறீங்க' என்றார்.

தலைக்கு 1,800 ரூபாய் சொன்னார். 34 பேருக்கு 61,200, ஜிஎஸ்டியோடு 72,216. அந்தப் பணத்துக்கு ஸ்டிச்சிங் மெஷினையே சர்வீஸ் பண்ணிவிடலாம் என்று கிளம்பி வந்துவிட்டேன். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஹாலில் இரண்டு மணி நேரம் எல்லாரும் சிரித்துப் பேசினார்கள். தன் தம்பியோடு பத்து வருடமாக மல்லுக்கட்டும் ஒருவர், 'அவன் நீலம்ங்க, நான் மஞ்சள், அதான்' என்று கோபமே இல்லாமல் சொன்னார். அதற்கு ஒரு விலை உண்டு. என் கவலை, அந்த வார்த்தை மறுநாள் ஆபீசுக்கு வந்து பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும் என்பது. 'அவன் பச்சை, அவன்கிட்ட வசூலுக்கு அனுப்பாதீங்க.' நம்மூரில் ஆளுக்கு நிறம் குத்தினால் முதலில் கொடிதான் ஞாபகம் வரும் என்பது வேறு விஷயம்.

ஆளின் குணத்தை நான்கு எழுத்தில் சொல்கிற எம்.பி.டி.ஐ. பரீட்சைக்கு நான் விலை கேட்கக்கூடப் போகவில்லை. கார்ல் யுங் என்ற உளவியலாளர் 1921-ல் எழுதியதைப் பிடித்துக்கொண்டு கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் உருவாக்கியது, மொத்தம் 16 வகை. ஐந்து வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் பாதிப் பேர் வரைக்கும் வகை மாறிப்போகிறது என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. காரணம் சுலபம். ஐந்தரை அடியில் ஒரு கோடு போட்டு மேலே இருப்பவர் நெட்டை, கீழே குட்டை என்றால், கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற பெரும் கூட்டம் செருப்பைக் கழற்றினாலே கட்சி மாறிவிடும். இதை வெளியிடுகிற நிறுவனமே ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறது. விற்கிறவரே வேண்டாம் என்கிறார், நாம் ஏன் கேட்க வேண்டும்.

மூன்றாவது வழிக்குத்தான் நான் அதிக நேரம் கொடுத்தேன். அக்கா மகன் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு வந்தவன், 'சித்தி, காசு கொடுத்து ஏமாறாதீங்க, பிக் ஃபைவ் போட்டுப் பாருங்க, அதுல உருப்படியான ஆராய்ச்சி இருக்கு' என்றான். இதில் வகை கிடையாது. ஐந்து குணக்கூறுகள், ஒவ்வொன்றிலும் நீங்கள் எவ்வளவு என்று ஒரு அளவு. புதுசை நாடுவது, பொறுப்பாகச் செய்வது, கலகலப்பு, இணங்கிப் போவது, மனசு தத்தளிப்பது. இது யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் சொன்னது இல்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. மனுஷர்கள் ஒருவரை ஒருவர் பற்றிப் பேச முக்கியமாகத் தேவைப்படுவதற்கெல்லாம் மொழியில் சொல் இருக்கும் என்ற நம்பிக்கையில், ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற இருவர் 1936-ல் ஆங்கில அகராதியைப் புரட்டி ஆளை வர்ணிக்கிற சொற்கள் கிட்டத்தட்ட 18,000 எடுத்தார்கள். அதற்கப்புறம் பல பேர் பல வருடம் அதைச் சலித்துச் சலித்து, எந்தெந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்ததில் ஐந்து குவியல் மிஞ்சியது. 1961-ல் அமெரிக்க விமானப்படைக்காகச் செய்த ஆய்வில் இந்த ஐந்தும் தெளிவாகத் தெரிந்தன. நம் மொழியில் யாராவது இப்படிச் சலித்தால் என்னென்ன குவியல் வருமோ. முசுடு, அழுத்தக்காரன், ஊமைக்குசும்பு, வெள்ளந்தி, வெடுக்கு, எதார்த்தம். எங்கள் சித்தியின் வாயிலிருந்தே ஒரு நூறு சொல் எடுக்கலாம்.

வேலையோடு இது எவ்வளவு பொருந்தும்? பாரிக், மவுன்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1991-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஐந்தில் பொறுப்புணர்வு ஒன்றுதான் எல்லா வகை வேலையிலும் கொஞ்சம் கைகொடுத்தது. கலகலப்பு விற்பனைக்கும் மேலாளருக்கும் உதவியது. கொஞ்சம் என்பதைக் கவனியுங்கள். சாக்கெட்டின் கணக்கில் பொறுப்புணர்வுக்கும் 0.19தான். சித்தப்பாவின் டீ பேச்சும் அதே 0.19 என்பதை அக்கா மகனிடம் சொன்னபோது, அவன் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருந்தாலும் இலவசம். லூயிஸ் கோல்ட்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் ஆரம்பித்து வைத்த பொதுக் கேள்வித் தொகுப்பு ஒன்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஐம்பது கேள்வி எடுத்து போனிலேயே தமிழாக்கினான். ஆபீசில் 8 பேர், தளத்தில் 6 பேர், விருப்பப்பட்டவர்கள் மட்டும் எழுதட்டும் என்று சொல்லி ஒரு சனிக்கிழமை மதியம் கொடுத்தோம். முதல் கேள்வியிலேயே கூத்து. கூட்டத்தைக் கலகலப்பாக்குகிற ஆள் நீங்களா என்று கேட்கிற ஆங்கில வாக்கியத்தை போன் 'நான் கட்சியின் உயிர்' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறது. ஸ்லாட்டிங் மெஷின் ஓட்டுகிறவர் எழுந்து வந்தார். 'மேடம், எந்தக் கட்சிக்கு? இருக்கிறத சொன்னா வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?'

கேள்விகளை உட்கார்ந்து நானே திரும்ப எழுதினேன். அடுத்த சிக்கல் மொழியில் இல்லை. பசை ஒட்டுகிற பிரிவில் ஐம்பது வயதுக்கு மேலான அக்கா ஒருவர், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அங்கே இருக்கிறார். தாளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்து, 'எது சரின்னு நீங்களே போட்டு விட்ருங்கத்தா' என்றார். சரி தப்பு எதுவும் இல்லைக்கா, உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி என்றேன். வாசித்துக் காட்டினேன். எல்லாருடனும் சுலபமாகப் பேசுவீர்களா? ஆமா. தனியாக இருப்பது பிடிக்குமா? ஆமா. பொருட்களை அதனதன் இடத்தில் வைப்பீர்களா? ஆமா. சில சமயம் போட்டது போட்டபடி விட்டுவிடுவீர்களா? ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். ஆமாத்தா.

முதலாளி கேட்டால் ஆமா என்பதுதான் மரியாதை. இது எங்கள் யூனிட்டின் குறை மட்டும் இல்லை. 23 ஏழை, நடுத்தர நாடுகளில் வீடு தேடிப் போய் நேரில் எடுத்த கணக்கெடுப்புகளை 2019-ல் ஆராய்ந்தவர்கள், அந்த ஐந்து கூறுகள் சரியாகப் பிரிந்தே வரவில்லை என்று கண்டார்கள். எதைக் கேட்டாலும் ஆமா போடுகிற பழக்கம் அதற்கு ஒரு காரணம். அதே நாடுகளில் இணையத்தில் தாங்களாக எழுதியவர்களிடம் ஓரளவு சரியாக வந்தது. எங்கள் யூனிட்டிலும் அதேதான், ஆபீஸ் தாள்கள் எட்டும் படிக்கிற மாதிரி இருந்தன, தளத்துத் தாள்கள் ஆறும் ஒரே ஆள் எழுதியது போல இருந்தன. ஆறையும் கிழித்துப் போட்டேன். இனித் தளத்தில் இதைக் கொடுக்கப் போவதில்லை.

வேலை தேடி வருகிறவரிடம் கொடுப்பது இன்னும் மோசம். 'நான் வேலையைத் தள்ளிப்போடுவேன்' என்பதற்கு நேர்காணலுக்கு வந்தவன் ஆமா என்று டிக் அடிப்பானா? அப்படி நேர்மையாக அடிக்கிறவனை நாம் கழித்துவிட்டு, பொய் சொன்னவனை உள்ளே எடுப்போம்.

சரி, ஆபீஸ் எட்டுத் தாளால் ஏதாவது ஆனதா என்றால், ஆனது. பில்லிங் அம்மாவுக்குப் பொறுப்புணர்வு உச்சத்தில், இணங்கிப் போவது கீழே. இன்சார்ஜுக்கு இணங்கிப் போவது உச்சம், பொறுப்புணர்வு நடுவாந்தரம். இரண்டு பேரையும் உட்கார வைத்து அவரவர் தாளை அவரவரே வாசிக்கச் சொன்னேன், விருப்பமிருந்தால் மற்றவரிடம் காட்டலாம் என்றேன். காட்டினார்கள். 'அதான், யார் போன் பண்ணி என்ன கேட்டாலும் சரிங்கிறீங்க' என்றார் அந்தம்மா. அத்தனை நாளில் நேருக்கு நேர் சொன்ன முதல் வாக்கியம். 'நீங்க சரிங்கிறதே இல்லைல்ல, யாராவது சொல்லணும்ல' என்றார் இவர். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் டீ பையனுக்கு வேலை போய்விட்டது.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் பரீட்சைக்கு நல்ல விளம்பரம். ஆனால் சண்டை அதோடு தீரவில்லை, அடுத்த வாரமே திரும்ப வந்தது. நோண்டிப் பார்த்ததில் விஷயம் குணத்தில் பாதிதான், மீதி வேலை நடக்கிற விதத்தில் இருந்தது. கஸ்டமர்கள் சைஸ் மாற்றத்தை இன்சார்ஜின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறார்கள், பில் பழைய சைஸில் போகிறது, திட்டு பில்லிங்குக்கு விழுகிறது. அந்த நாற்காலியில் மகான் ஒருவரை உட்கார வைத்தாலும் மூன்று மாதத்தில் முசுடாகிவிடுவார். சாயங்காலம் 4 மணிக்குள் மாற்றம் எதுவானாலும் ஆர்டர் விவரம் எழுதுகிற ஜாப் கார்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்தோம். அப்புறம் சத்தமில்லை. ஆளின் குணத்தை அளப்பது, அவர் ஒவ்வொரு இடத்திலும் எப்படி நடப்பார் என்பதைக் குறைவாகத்தான் சொல்கிறது என்று வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1968-லேயே எழுதிப் பெரிய சண்டையைக் கிளப்பினார். அந்தச் சண்டையில் யார் சொன்னது சரி என்று எனக்கு அபிப்பிராயம் சொல்லத் தகுதியில்லை, ஜாப் கார்டு பக்கம் நிற்கிறேன்.

கடைசி வழி, செய்யச் சொல்லிப் பார்ப்பது. சாக்கெட் பட்டியலில் உச்சியில் இருப்பது இது இல்லை, வரையறுத்த நேர்காணல், 0.42. அதாவது எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, எந்தப் பதிலுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது. வேலையைச் செய்ய வைத்துப் பார்ப்பதற்கு 0.33. இரண்டையும் சேர்த்துக்கொண்டோம், ஏனென்றால் இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை.

ஆறு கேள்வி தயார் செய்தோம். ஒன்றைச் சொல்கிறேன். லோடு குறைகிறது என்று கஸ்டமர் போன் பண்ணுகிறார், டிரைவர் சரியாகத்தான் ஏற்றினேன் என்கிறார், நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? டிரைவரை விசாரிப்பேன் என்றால் ஒரு மார்க். டெலிவரி சலானையும் ஏற்றின கணக்கையும் ஒப்பிடுவேன் என்றால் இரண்டு. கஸ்டமரிடம் எந்த சைஸில் எத்தனை கட்டு குறைகிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் ஒப்பிடுவேன் என்றால் மூன்று. நானும் சித்தப்பாவும் தனித்தனித் தாளில் மார்க் போட்ட பிறகுதான் பேசிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. முதல் ஆள் வெளியே போனதும் சித்தப்பா 'பையன் நல்ல பையன்தான்' என்று ஆரம்பித்தார், கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்புறம் அரை நாள் வேலை, அதற்குக் கூலி 350 ரூபாய். நான்கு பேருக்கு 1,400. சும்மா வேலை வாங்கிப் பார்ப்பது அநியாயம், அதில் நான் கறார். டிஸ்பாட்ச் ஓரத்தில் 500 பெட்டி அடுக்கி வைத்தோம், கட்டுக்கு 20 என்று 25 கட்டு. ஒரே ஒரு கட்டில் மட்டும் 18. சலானில் 500 என்று எழுதி, சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றோம்.

முதல் ஆள் கட்டுகளை எண்ணினார், 25, போட்டார் கையெழுத்து. இரண்டாவது ஆள் மேலே இருந்த ஒரு கட்டைப் பிரித்து எண்ணி 20 என்று உறுதி செய்துகொண்டு, 25-ஆல் பெருக்கிப் போட்டார். மூன்றாவது ஆள், இவர்தான் நேர்காணலில் முதல், லோடுமேனைப் பார்த்து 'எண்ணிட்டீங்கள்ல?' என்றார், அவர் தலையாட்டினார், முடிந்தது. நான்காவது ஒரு பெண், 26 வயது, கூரியர் கிடங்கில் ஒரு வருடம் இருந்தவள், நேர்காணலில் நிமிர்ந்தே பார்க்கவில்லை. எண்ணவில்லை. கட்டுகளைச் சுவரோரமாகத் தரையில் வரிசையாக நிறுத்த வைத்தாள், தள்ளி நின்று பார்த்தாள், ஒன்றின் தலையில் கையை வைத்தாள். 'இது மட்டும் ஒரு விரக்கடை கம்மியா இருக்கு.'

சித்தப்பாவுக்கு இஷ்டமில்லை. 'பொம்பளப்புள்ள லோடுமேனுங்கள எப்படித்தா மேய்க்கும்?' இந்த யூனிட்டை எட்டு வருடமாக யார் மேய்க்கிறார்கள் என்று கேட்டேன். சேர்ந்த பிறகு ஆசைக்கு அவளும் அந்த ஐம்பது கேள்வியை எழுதிப் பார்த்தாள், கலகலப்பில் கடைசி. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அதனால் அதை நீட்டவில்லை. அவளிடமும் குறை இருக்கிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் லோடு ஏறும் நேரத்தில் தாயமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாள், லோடுமேன்களிடம் சில சமயம் கத்தவும் கத்துகிறாள். எண்ணிக்கை மட்டும் குறைந்ததில்லை.

ஆக, என் கணக்கு இது. ஆள் எடுக்க: ஒரே கேள்விகள், பிறகு கூலி கொடுத்து வேலை. தெரிந்தவர் சொன்னால் ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கலாம், எடுப்பது இந்த வழியில்தான். இருக்கிறவர்களோடு பேச: பிக் ஃபைவ், ஆபீசுக்கு மட்டும், விருப்பப்பட்டவருக்கு மட்டும், தாள் அவரவர் கையில், ஃபைலில் ஏறக் கூடாது, சம்பள உயர்வுப் பேச்சில் வாயைத் திறக்கக் கூடாது. நிறம் பிக்னிக்குக்கு. வடபழஞ்சி ஐ.டி. பூங்காவில் முந்நூறு பேர் வைத்திருப்பவருக்கு என் கணக்கு ஒத்துவராமல் போகலாம். காசு கொடுத்து வாங்குகிற நல்ல ஐந்து கூறுப் பரீட்சை அவர்களுக்கு நேர்காணலோடு ஒரு கூடுதல் தகவலாக உதவும். விற்க வருகிறவரிடம் மட்டும் கேளுங்கள்: என் மார்க்கை எந்த ஊர் ஆட்களோடு ஒப்பிட்டுப் போடுகிறீர்கள், ஒரு மாதம் கழித்து எழுதினால் இதே வருமா, இந்த மார்க் வாங்கியவர்கள் வேலையை நன்றாகச் செய்தார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி. இதற்குப் பதிலாக உங்கள் நிறத்தைச் சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

போன வாரம் கணக்கெழுத உதவிக்கு ஒரு பையனைச் சித்தப்பாவே அழைத்து வந்தார், அவருடைய சிநேகிதர் மகன். 'இவனுக்கும் அந்தக் கட்ட வச்சுப் பாரு' என்றார் பெருமையாக. கணக்கெழுத வருகிறவனுக்கு எதற்குப் பெட்டி என்று சொல்லியும் கேட்கவில்லை. வைத்தோம். பையன் வந்து நின்றான், சலானைக்கூட வாங்கவில்லை, நேரே போய் 25 கட்டையும் சரசரவென்று பிரிக்க ஆரம்பித்துவிட்டான். தொழிற்பேட்டை முழுக்கத் தெரிந்துபோயிருக்கிறது. லோடுமேன்கள் திரும்பக் கட்டி முடிக்க ஒரு மணி நேரமானது, இனி வேறு ஏதாவது யோசிக்க வேண்டும்.